நிலைக்கதவு எந்தக் காட்டில் நின்றது?

கன்டெய்னர் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது வாடைதான். பதனிட்ட தோலும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த தேக்கு வாடை. தூத்துக்குடி மரவாடிகளில் காலை வேலை இப்படித்தான் தொடங்குகிறது. கம்பி வடம் மாட்டி உருட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறார்கள். கட்டையின் நடுவில் டேப்பைச் சுற்றி ஒருவர் சுற்றளவைக் கத்த, இன்னொருவர் நீளத்தைச் சொல்ல, மூன்றாமவர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். வெட்டுமுகத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணையும் அவர் எழுதிக்கொள்கிறார். இந்த மரம் எந்த நாட்டில், எந்தத் தோட்டத்தில் அல்லது காட்டில் விழுந்தது என்பதற்கு மிச்சம் இருக்கும் தடயம் அந்த எண் மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் கட்டை அறுவை மில்லின் பேண்ட் சாவுக்குப் போகும். வெடித்த முனையை முதலில் நறுக்கித் தள்ளுவார்கள். எண் விறகுக் குவியலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அது வெறும் தேக்கு. சட்டமாகி, பலகையாகி, லாரி ஏறி, நம் ஊர் மரக்கடைக்கு வந்து, ஆசாரியின் இழைப்புளிக்குக் கீழே சுருள் சுருளாக உதிர்ந்து, நல்ல நாள் பார்த்து மஞ்சள் தடவி நிலையாக நிற்கும்போது, அது பிறந்த ஊரைச் சொல்ல ஒருவர்கூட இருக்க மாட்டார்.

வீடு கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரம் பார்க்கிறார்கள். கம்பியில் கம்பெனி முத்திரை பார்க்கிறார்கள். மணல் பிரச்னை வெடித்த பிறகு லாரிக்காரரிடம் நடைச்சீட்டு கேட்கவும் பழகிவிட்டார்கள். வீட்டிலேயே உயிரோடு இருந்த பொருள் மரம் ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் கேட்பது விலையோடு முடிந்துவிடுகிறது.

கட்டை இழுத்த யானைகள்

ஆனைமலையில் வெட்டிய தேக்கை மலை விளிம்பிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப். பம்பாய்க் கப்பல் தளத்துக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் 19ஆம் நூற்றாண்டில் மலை மலையாக மரம் இறங்கியது. இப்படியே போனால் எதுவும் மிஞ்சாது என்று ஆங்கிலேய அரசுக்கே உறைத்தது. 1840களில் மலபார் கலெக்டர் கொனோலி, சாத்து மேனன் என்ற அதிகாரியை வைத்து நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார். ஆனைமலையில் அந்த வேலையைப் பின்னாளில் எடுத்துச் செய்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இன்றும் டாப்ஸ்லிப்பில், அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கோழிகமுத்தி, தெப்பக்காடு முகாம்களில் இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் யானைகளின் முன்னோர்களுக்குக் கட்டை இழுப்பதுதான் வேலை. வெட்டு குறைந்து நின்றுபோனதும் அந்த வேலையும் போனது. இப்போது ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டும் கும்கிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

காட்டின் கதவு இரண்டு கட்டமாக மூடியது. தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது, விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும் என்றது 1988 தேசிய வனக் கொள்கை. அடுத்து வந்தது கோதவர்மன் வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து 1995ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாட்டையே உலுக்கியது. அனுமதி பெற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் கோடரி விழக் கூடாது என்றது. தமிழ்நாட்டுக்கு இன்னும் கடுமை. தானாக வளர்ந்த காட்டு மரங்களை வெட்ட முழுத் தடை. கூடலூரில் கிளம்பிய ஒரு மனு, அருணாச்சலத்து அறுவை மில்கள் வரை நிறுத்தியது.

அது சரியான உத்தரவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று மிஞ்சியிருப்பதில் ஒரு பங்குக்கு அந்த மனுவுக்கும் அதைத் தொடர்ந்த உத்தரவுகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வீடு கட்டுவது நிற்கவில்லை. மாறாக, அதற்குப் பிந்தைய 30 ஆண்டுகளில்தான் தமிழ்நாடு வேறெப்போதும் இல்லாத வேகத்தில் கட்டியது. அந்த மரமெல்லாம் எங்கிருந்து வந்தது?

அடுத்தவர் காடு

கடல் கடந்து மரம் வருவது நமக்குப் புதிதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் பர்மாத் தேக்கு. ஐராவதியில் தெப்பமாக மிதந்து ரங்கூன் வந்து, கப்பலேறி வந்தவை. அந்தத் தேக்கு வியாபாரத்தில் கோலோச்சிய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 1863ல் தொடங்கியது. வெட்டிய கட்டைகளைக் குறைத்துக் காட்டியதாக அந்தக் கம்பெனிக்குப் பர்மா மன்னர் தீபா அபராதம் போட, அதைச் சாக்காக வைத்து 1885ல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். கட்டைக் கணக்கில் தொடங்கிய தகராறில் ஒரு ராஜ்யமே போனது. அதே கம்பெனிதான் 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை உருவாக்கியது. குத்தகை 2028ல் முடிகிறது. அந்தக் காடு புலிகள் காப்பகத்துக்குத் திரும்பப் போகிறது; அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்த தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வியோடு.

தமிழ்நாட்டில் வெட்டு நின்ற பிறகும் பர்மா கைகொடுத்தது. 2014 ஏப்ரல் வரை மியான்மாவிலிருந்து உருட்டுக் கட்டையாகவே கப்பல் வந்தது. அதுவரை அந்நாட்டுத் தேக்கின் பெரும் வாடிக்கையாளர் இந்தியாதான். அதற்கு அந்தக் காடுகள் கொடுத்த விலையைக் கீழே பெட்டியில் பார்க்கலாம். கட்டை ஏற்றுமதிக்குத் தடை வந்த பிறகு அறுத்த மரமாக வருகிறது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், தேக்கு ஏற்றுமதியைக் கையில் வைத்திருக்கும் மியான்மா அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பொருளாதாரத் தடை போட்டன. இந்தியா போடவில்லை.

மியான்மா சுருங்கிய இடத்தில் புதிய பெயர்கள் வந்தன. கானா, பெனின், டோகோ, தான்சானியா, எக்குவடோர், பனாமா, கோஸ்டா ரிக்கா. கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு மலேசியா சால். மரக்கடையில் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆப்பிரிக்கத் தோட்டங்களில் நட்டு வளர்த்த உண்மையான தேக்கு. இன்னொன்று தேக்கோடு எந்த உறவும் இல்லாத இரோக்கோ போன்ற காட்டு மரம். முன்னது அறுவடை, பின்னது பல சமயம் பழங்காட்டிலிருந்து பிடுங்கியது. பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

---
பெட்டி: தேக்கு – தெரிந்துகொள்ள

தேக்கு இயற்கையாக வளரும் நாடுகள் நான்கே: இந்தியா, மியான்மா, தாய்லாந்து, லாவோஸ். மற்ற இடங்களில் இருப்பதெல்லாம் மனிதர் கொண்டுபோய் நட்டது.

நிலம்பூரில் கொனோலி பெயரில் உள்ள தோட்டம், இன்றும் நிற்கும் தேக்குத் தோட்டங்களில் உலகிலேயே மிகப் பழையது.

2010–15 காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 5.46 லட்சம் ஹெக்டேர் காட்டை மியான்மா இழந்ததாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. காடிழப்பில் உலகில் மூன்றாம் இடம்.

---

கண்திட்டத்தில் போகும் மரம்

மரம் வரும் வழிகளை வரைபடமாக வரைந்தால், அடுத்த கோடு நம் வயல்களுக்குள் போகிறது. உண்மையில் பெரிய கோடு இதுதான். நாட்டில் புழங்கும் மரத்தில் மிகப் பெரும் பகுதி காட்டிலிருந்து வருவதில்லை. வரப்பு, தோப்பு, வாய்க்கால் கரை, வீட்டுக் கொல்லையிலிருந்து வருகிறது. காவிரிப் பாசன வாய்க்கால் கரைகளில் வனத்துறை நட்ட தேக்கு, பண்ருட்டிப் பக்கத்துப் பலா, கன்னியாகுமரி அயனி, ஊருக்கு ஊர் வேம்பு, வாகை, பூவரசு, சாலை அகலப்படுத்தும்போது விழும் புளி. ஏற்காடு, வால்பாறைப் பக்கம் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் பிளைவுட் ஆலைக்குப் போகிறது.

இந்தப் பெரிய விளைச்சலுக்கு நெல்லுக்கு இருப்பதைப் போல ஒரு கொள்முதல் நிலையம் கிடையாது, அறிவித்த விலை கிடையாது. வியாபாரி தோப்புக்கு வருவார். மரத்தை ஒரு சுற்று சுற்றி அண்ணாந்து பார்ப்பார். நிற்கிற மரத்துக்குக் கண்திட்டமாக ஒரு தொகை சொல்வார். விவசாயி மரக் கணக்கில் விற்கிறார். வியாபாரி கன அடிக் கணக்கில் விற்கிறார். நடுவில் இருக்கும் இடைவெளிதான் லாபம்.

அளந்து விற்றாலும் அளவு முறையிலேயே ஒரு கழிவு இருக்கிறது. உருட்டுக் கட்டைக்கு நம் ஊர் வழக்கம், நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. நாலடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள கட்டைக்கு இந்தக் கணக்கில் 10 கன அடி. உண்மையான வட்டக் கணக்கில் அது 12.73 கன அடி. அறுக்கும்போது வீணாகும் ஓரத்தை முன்கூட்டியே கழித்துவிடும் இந்த முறை ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. மில்காரருக்கு அதில் நியாயம் இருக்கலாம். அந்தக் கழிவு யார் கணக்கில் போகிறது என்று மரம் வளர்த்தவருக்கு ஒருவரும் சொல்வதில்லை.

வெட்டுவதற்குள் இன்னொரு சோர்வு. தேக்கு, சந்தனம் என்றால் கிராம நிர்வாக அலுவலர் சான்று, வனத்துறை அனுமதி, கொண்டுபோகச் சீட்டு. காட்டு மரம் பட்டா மரமாக வேடம் போடாமல் இருக்க இந்தக் காவல் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் மகள் கல்யாணத்துக்கென்று 20 ஆண்டு காத்த மரத்தை விற்க மாதக்கணக்கில் அலைந்தவர், அடுத்த முறை தேக்குக் கன்று நட மாட்டார். 1990களில் ‘சில ஆயிரம் கட்டுங்கள், 20 ஆண்டில் லட்சங்கள்’ என்று விளம்பரம் செய்த தேக்கு முதலீட்டு நிறுவனங்கள் பல கவிழ்ந்தபோது ஒரு முறை நம்பிக்கை போனது. அலுவலக வாசல்களில் இரண்டாம் முறை போகிறது.

மலைவேம்பும் சவுக்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். சீக்கிரம் வெட்டலாம், கேள்வி குறைவு. செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் கரையோர மணலில் நாலைந்து ஆண்டில் சவுக்கு தயார். நேராக ஓங்கிய கம்பு சாரத்துக்கும் முட்டுக்கும் போகும். மற்றது காகித ஆலைக்கு. ஆலை விலை ஏறும் பருவத்தில் நல்ல கம்பும் கூழாகப் போய்விட, கட்டட வேலைக்குக் கம்புத் தட்டுப்பாடு வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சாய்த்தபோது முந்திரி, பலாவோடு சவுக்குத் தோப்புகளும் படுத்தன. ஒரு மாவட்டத்தில் அடித்த காற்று கட்டட வேலை நடக்கும் ஊர்களில் சாரக் கம்பு விலையாக வந்து நிற்கும். அந்தத் தொடர்பை முன்கூட்டிக் காட்டும் கணக்குப் புத்தகம் எந்தத் துறையிடமும் இல்லை.

---
பெட்டி: காடு கொடுப்பதும் நாடு கேட்பதும்

இந்திய வன அளவைத் துறையின் 2011 அறிக்கைப்படி, அரசுக் காடுகளிலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த மரம் சுமார் 31.75 லட்சம் கன மீட்டர்.

காட்டுக்கு வெளியே உள்ள மரங்கள் தரக்கூடியது சுமார் 4.28 கோடி கன மீட்டர்.

வீடு, கட்டடம், மரச்சாமான், உழவுக் கருவிகளுக்கு நாடு செலவழித்தது 4.8 கோடி கன மீட்டர்.

2023 அறிக்கையில், காட்டுக்கு வெளியே உள்ள மரங்கள் தரக்கூடியது 9.15 கோடி கன மீட்டராக உயர்ந்திருக்கிறது.

---

கான்கிரீட் வீட்டுக்குள் எவ்வளவு மரம்?

தலைவாசல் நிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு நாலு அங்குலச் சட்டம். இரண்டு கால், மேலே ஒன்று, கீழே படிக்கட்டை. மொத்தம் 21 அடி ஓட்டம். ஏறக்குறைய 3 கன அடி. ஒன்றரை அங்குலக் கதவு இன்னும் இரண்டரை கன அடி கேட்கும். வெள்ளையைக் கழித்து, வெடிப்பையும் முடிச்சையும் தள்ளி, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தால் கட்டையில் பாதி தேறுவதே பெரிது. அப்படியென்றால் மேலே கணக்குப் போட்ட நாலடிச் சுற்றளவுக் கட்டை ஒன்று முழுதாக ஒரு தலைவாசலுக்கே போய்விடும். அந்தச் சுற்றளவுக்குத் தேக்கு பருக்க நல்ல மண்ணிலேயே பல பத்தாண்டுகள் ஆகும்.

இது கண்ணுக்குத் தெரியும் மரம். தெரியாத மரம் இன்னும் இருக்கிறது. தளம் போடும்போது கீழே காடாக நிற்கும் சவுக்கு, தைல மர முட்டுகள். சென்ட்ரிங் பலகைகள். வீடு குடிபுகும் நாளில் அவற்றில் ஒன்றும் இருக்காது. நாலைந்து கட்டடம் சுற்றி, ஆணி ஓட்டையாகி, கடைசியில் ஹோட்டல் அடுப்புக்குப் போயிருக்கும். கட்டடத்தின் மரக் கணக்கில் இவற்றை யாரும் சேர்ப்பதில்லை.

உள்ளே போனால் அலமாரி, சமையலறை, கட்டில் எல்லாம் பிளைவுட். அதில் பெரும்பங்கு கேரளத்துப் பெரும்பாவூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து வருகிறது. அங்கே தோல் உரிக்கப்படுவது பெரும்பாலும் ரப்பர் மரம். பால் வற்றிய தோட்டத்தை 25, 30 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள். அந்த மரம் வீணாகாமல் நம் அலமாரியாகிறது. காடு, வயல், வீடு என்ற சங்கிலியில் ஒழுங்காகச் சுற்றும் வளையம் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான். மரத்துக்கு முதலில் வேறு பிழைப்பு இருந்தது, பிறகு கட்டடம், பிறகு அதே மண்ணில் புதிய கன்று.

மர விலைக்குப் பயந்தவர்கள் இரும்பு நிலைக்கும் யு.பி.வி.சி. ஜன்னலுக்கும் மாறிவிட்டார்கள். காடு பிழைத்தது என்று ஒரு காலத்தில் அரசும் நம்பியது. மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தை 1993ல் தடை செய்தது. 2020ல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கணக்கு மாறியிருந்தது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் சுமார் 8 விழுக்காடு சிமென்ட்டால் மட்டும் வருகிறது. இரும்புக்கும் ஏறக்குறைய அந்த அளவு பங்கு உண்டு. உலர்ந்த மரத்தின் எடையிலோ கிட்டத்தட்டப் பாதி, காற்றிலிருந்து இழுத்த கரி. ஒரு நிலை நூறு ஆண்டு நின்றால் அந்தக் கரியும் நூறு ஆண்டு அங்கேயே இருக்கும். வெட்டிய இடத்தில் மறுபடி கன்று நட்டிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நட்டார்களா என்று தெரிய, எங்கே வெட்டினார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆசாரிகளின் பாடு இதில் தனி. உளியும் இழைப்புளியும் கொண்டு நிலை செய்த கைகளுக்கு இப்போது ஆலையிலிருந்து வந்த கதவைக் கீல் வைத்து மாட்டும் வேலை. செதுக்கு வேலையைக் கணினி இயந்திரம் எடுத்துக்கொண்டது. மரத்தை முகர்ந்தே இனம் சொல்லும் அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இடித்த வீடுகளின் தூணும் நிலையும் விற்கிறார்கள். பழைய பர்மாத் தேக்கைத் தேடி வாங்கி புது வீட்டுக்கு மறுபடி அறுத்துப் பயன்படுத்துகிறவர்கள் கூடிவருகிறார்கள். அவர்கள் காட்டுக்குச் செய்யும் உதவி சின்னதில்லை. ஒரு செட்டிநாட்டு வீடு மொத்தமாக இடிபடும்போது அது ஈடாகுமா என்பது வேறு விஷயம்.

தடம் அறுபடும் இடம்

பலகையின் வெட்டுமுகத்தில் ஓரத்தை உளியால் வழுவழுப்பாகச் சீவி, ஈரம் தொட்டு, பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். தேக்கென்றால் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். இரோக்கோவில் துளைகள் பரவலாகச் சிதறியிருக்கும். இனத்தை இப்படிப் பிடித்துவிடலாம். ஊரைப் பிடிக்க முடியாது. கானா தேக்கும் கல்லணைக் கால்வாய்க் கரைத் தேக்கும் கண்ணாடிக்கு ஒன்றுதான். ஊரைக் காட்டக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் அறுவை மில் வாசலில் நின்றுவிடுகிறது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் மரம் போக நாடு முழுதும் ஒரே இணைய அனுமதிச் சீட்டு முறை 2023 டிசம்பரில் வந்தது. அதே மாதம் காட்டுக்கும் மரத்துக்கும் இந்தியச் சான்றளிப்புத் திட்டம் ஒன்றை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. 2025 ஜூனில் வெளியிட்ட மாதிரி விதிகள், விவசாயி தன் தோப்பை இணையத்தில் பதிந்து, இடக்குறியோடு படம் ஏற்றி, வெட்ட எளிதாக அனுமதி பெற வழி சொல்கின்றன. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நடக்கும் நடையாவது குறையும்.

இவை எல்லாம் மரத்தை மில்வரை கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே மூன்று நாட்டுக் கட்டையும் உள்ளூர்க் கட்டையும் ஒரே ரம்பத்தில் ஏறி ஒரே அடுக்கில் காய்கின்றன. பிரித்து வைக்க முடியாதா? முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம், மரச்சாமான் விற்க வருகிறவர் மரம் வெட்டிய நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்ட வேண்டும் என்கிறது. அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும், நம் நாட்டு ஏற்றுமதியாளர்கள் அதற்குத் தயாராகத்தான் வேண்டியிருக்கிறது. பெர்லினில் விற்கும் நாற்காலிக்கு ஊர் சொல்ல முடிகிறதென்றால் பெரம்பலூரில் வைக்கும் வாசக்காலுக்கும் சொல்ல முடியும். ஜெர்மனிக்காரர் கேட்கிறார், நாம் கேட்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கே தொடங்கலாம் என்பதற்கு என் யோசனை இது. அறுவை மில்லுக்கு உரிமம் கட்டாயம். அந்த உரிமத்தோடு, உள்ளே வந்த கட்டைக்கும் வெளியே போன சட்டத்துக்கும் ஊர்வாரியாகத் தனித்தனிக் கணக்கு எழுதுவதையும் கட்டாயமாக்க வேண்டும். மரக்கடை பில்லில் இனத்தோடு நாடு, மாவட்டம் என்று ஒரு வரி சேர வேண்டும். உள்ளூர் மரம் என்றால் சர்வே எண். தொடக்கத்தில் பொய் எழுதுவார்கள் என்று சொல்லலாம். எழுதட்டும். எழுதிய பொய்யைப் பிடிக்க முடியும். எழுதாமல் விட்டதைப் பிடிக்க எதுவுமில்லை.

இதற்கு வாடிக்கையாளராக அரசே முதலில் நிற்கலாம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவதாக இலக்கு. தலைவாசலுக்கு மட்டும் மர நிலை என்று வைத்தாலும், வீட்டுக்கு 3 கன அடியாக 24 லட்சம் கன அடி மரம். தேக்கு வேண்டாம், வேம்பு, வாகை, பலா என்று அந்தந்த மாவட்டத்தில் கிடைக்கும் நாட்டு மரமே போதும். கண்திட்டத்தில் விற்றுக்கொண்டிருக்கும் விவசாயிகளுக்கு அது அளந்து விலை கொடுக்கும் ஒரு சந்தை. டெண்டரில் ‘பட்டா நிலத்து மரம், சர்வே எண்ணோடு’ என்று ஒரு நிபந்தனை சேர்ந்தால், மில்காரர்கள் அடுத்த வாரமே தனிப் பதிவேடு திறந்துவிடுவார்கள். பேண்ட் சாவுக்கு முன்னால் நறுக்கித் தள்ளும் முனையில் இருக்கும் எண்ணையும் அப்போது மில்லிலேயே யாராவது எழுதி வைத்துக்கொள்வார்கள்.